வாளியில் வந்த நிறம்

வாளி பாதிக் கிணறு ஏறி வரும்போதே நான் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

மழை பெய்த மறுநாள் காலை அது. ஆறரை மணி இருக்கும். எங்கள் தெருவின் நடுவில் உள்ள பொதுக் கிணற்றைச் சுற்றி ஒன்பது வீட்டு ஆட்களும் நின்றிருந்தோம். பலர் இடுப்பில் குடம். கோடி வீட்டு மருமகள் தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் எடுத்து வந்திருந்தாள். பல வருஷமாகக் குப்பை கொட்டிக் கிடந்த கிணற்றில் முதல் தண்ணீர், சும்மா மொண்டு விட முடியுமா?

கயிற்றை இழுத்தது என் வீட்டுக்காரர் ஏழுமலை. வாளியைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொண்டார்.

தண்ணீர் சிவந்திருந்தது.

"மண்ணு கலங்கியிருக்கும், தெளியட்டும்" என்றார் யாரோ. நின்றோம். மண்ணாக இருந்தால் அடியில் தங்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, ஒன்றும் தங்கவில்லை. நான் வாளிக்குள் கையை விட்டுத் துழாவி, முந்தானையின் வெள்ளை ஓரத்தில் துடைத்தேன். முந்தானையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை.

இருபத்தைந்து வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவள் நான். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அய்யய்யோ, இன்னாக்கா இது?" என்றாள் தட்டு வைத்திருந்தவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மழைத் தண்ணீரைக் கிணற்றில் இறக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசி, கெஞ்சி, சண்டை போட்டு முடித்தவள் நான்தானே. அந்தக் கிணறும் கெட்டால் எங்கள் தெருவுக்கு அந்த வருஷம் டேங்கரை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். என்ன சொன்னேன் என்பதை எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கும் செருப்புக்கும் வரிசை

அதற்கு முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் எங்களை ஏமாற்றிவிட்டன. அதற்கும் முந்தைய வருஷம் பெய்ததும் பேருக்குத்தான். எங்கள் ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாக நதியில் மாடு மேய்ந்தது. ஊற்று தோண்டலாம் என்றால், தோண்ட மணல் இருந்தால்தானே?

போர் போட்டவர்கள் வீட்டில் முதலில் தண்ணீர் குறைந்தது, அப்புறம் உப்பானது. உப்புத் தண்ணீரில் பட்டு வேகவைத்துப் பாருங்கள், தெரியும். சோப்பு நுரைக்காது. நூலில் பசை போகாது. சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சேலை நெய்து முடித்த பிறகு உடம்பில் தேமல் மாதிரி தெரியும். பட்டுக்கு மழைத் தண்ணீர் மாதிரி நல்ல தண்ணீர் கிடையாது.

நகராட்சிக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வரும். அது குடிக்க. மற்றதற்கெல்லாம் டேங்கர். டேங்கர் வரும் நாள் எங்கள் தெருமுனையில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடிவதற்கு முன்பே குடம் வரிசை கட்டிவிடும். குடம் இல்லாதவர்கள் அடையாளத்துக்குக் கல் வைப்பார்கள். ஒருத்தி ஒற்றைச் செருப்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் செருப்பு எனக்கு முன்னால் நின்றது.

"செருப்புக்கெல்லாம் தண்ணி புடிக்க முடியாது, தள்ளு" என்று நான் அதைக் காலால் நகர்த்தினேன். அவ்வளவுதான். செருப்புக்குச் சொந்தக்காரி வந்து ஆடிய ஆட்டத்தில் டேங்கர்காரர் பயந்து வண்டியை எடுத்துவிட்டார். அன்றைக்குத் தெரு முழுக்க யாருக்கும் தண்ணீர் இல்லை. எனக்கு வாய் மட்டுமில்லை, காலும் கொஞ்சம் நீளம்.

அந்தத் தையிலேயே எங்கள் தெருவில் இருந்த நான்கு சாயப்பட்டறையில் இரண்டு மூடிவிட்டன. சொந்தக்காரர் ஊருக்கு அண்டாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று தாமோதரனுடையது.

"வைகாசி வரைக்கும் பாக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நெசவு செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். "அதுக்குள்ள தண்ணிக்கு வழி இல்லன்னா நாமளும் கெளம்ப வேண்டியதுதான்." சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கிவிட்டார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எங்கும் போகாத குழாய்

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் செய்தோம். எப்படிச் செய்தோம் என்கிறீர்கள்? மொட்டைமாடியிலிருந்து சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி, அதன் வாயைத் தரையில் செருகிவிட்டோம். கீழே குழி கிடையாது, கூழாங்கல் கிடையாது. வந்து பார்த்தவர் மேலே பார்த்தார், குழாய் இருந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டார். மழை வந்தால் அந்தக் குழாய் வாசலில்தான் கொப்பளிக்கும். அதில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.

மாசியில் ஒருநாள் மாடியில் மூங்கில் கழிகளில் நூல் சிட்டங்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் கிணற்றைச் சுற்றி ஒன்பது மாடி. ஒன்பது எங்கும் போகாத குழாய். நடுவில் ஒரு செத்த கிணறு. குழாயை நீட்டிக் கிணற்றுக்குள் விட்டால் என்ன?

அன்று சாயங்காலமே எல்லோரையும் கிணற்றடியில் கூட்டினேன். மழையே இல்லாத வருஷத்தில் மழைக்குக் குழாய் போடுகிறாளே என்று சிரித்தவர்கள் உண்டு. "கோடை மழ ரெண்டு வந்தா போதும், கெணறு நம்மள ஆவணி வரைக்கும் காப்பாத்தும்" என்று நான் அடித்துச் சொன்னேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். குப்பையை எடுக்கவே பதினோரு நாள் ஆயிற்று. உடைந்த அம்மிக்கல், சைக்கிள் சக்கரம், ஒரு டி.வி. பெட்டி எல்லாம் வந்தன.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமோதரன் முரண்டு பிடித்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், எதிர்வீடு, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சாய வேலையில் கெட்டிக்காரன். ஆனால் எதையும் மூன்று தடவை யோசிப்பான். எனக்கோ ஒரு தடவை யோசிப்பதே அதிகம்.

மழை பிடித்ததும் மாடியில் இருக்கும் தூசி, புறா எச்சம் எல்லாம் கரைந்து வரும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் கையால் திருப்புகிற ஒரு வளைவு வைத்திருந்தோம். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் விட்டுவிட்டு, அப்புறம் கிணற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து என்பதில்தான் தகராறு.

"அஞ்சு நிமிஷம் போதும்" என்றேன் நான்.

"நேரம் பாத்து திருப்பக் கூடாதுக்கா" என்றான் அவன். "தண்ணியப் பாத்துதான் திருப்பணும். கண்ணாடி டம்ளர்ல புடிச்சுப் பாத்து, தெளிஞ்சாதான் உள்ள வுடணும். மாடிக்கு மாடி அழுக்கு வேற இல்ல?"

"ஆமாம்பா, மழயே வராத ஊர்ல, வந்த மழயத் தூக்கி சாக்கடைக்கு வுடச் சொல்ற. நல்ல யோசன."

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் என்று முடிவாயிற்று.

ஒரே அலசு

அவன் மேல் எனக்கு அதற்கு முன்பிருந்தே ஒரு கடுப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாய அண்டாவிலிருந்து எடுத்த நூலை மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நூலில் ஒட்டாமல் நிற்கும் சாயம் அப்போதுதான் போகும். டேங்கர் தண்ணீருக்கு அடிதடி நடக்கிற காலத்தில் மூன்று அலசு எங்கே போடுவது? நான் ஒரே அலசோடு நிறுத்தினேன். பிழிந்தும் பிழியாமலும் மாடிக்கு ஏற்றிவிடுவேன். கடைசியில் நெய்து முடித்த பிறகு சேலையாக ஒரு அலசு போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. நாளைக்கு எட்டுக் குடம் மிச்சம் பிடித்தேன். தெரு முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

தாமோதரன் மூன்று அலசையும் விடவில்லை. வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான், அலசைக் குறைக்கவில்லை.

"ஊரே தண்ணிக்கு அல்லாடுது, நீ மூணு வாட்டி கொட்டிகினு இருக்கியே, ஒனக்கே நாயமா இருக்குதா?" என்று ஒருநாள் அவன் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"அலசாத நூலு அழும்க்கா" என்றான். எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வதுண்டு. சரியாக அலசாத நூல் ஈரம் பட்டால் சாயம் விடும் என்று அர்த்தம்.

"அழுதா நான் தொடச்சிக்கறேன்" என்றேன். அவன் மனைவி சாந்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் சொன்னது

இப்போது மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன்.

முதல்நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வைகாசி மழை இடித்துக்கொண்டு வந்தது. நான் தெருவில் நனைந்தபடி ஓடி ஓடி, "அஞ்சு நிமிஷம் ஆச்சு, திருப்புங்க, ஜல்தியா திருப்புங்க" என்று கத்தினேன். என் வீட்டுக் குழாயை என் வீட்டுக்காரர் திருப்பினார். ஒன்பது குழாயும் கிணற்றுக்குள் கொட்டின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் பெய்தது. கிணற்றில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

மறுநாள் வாளியில் சிவப்பு.

தாமோதரன் பட்டறையின் கழிவுநீர்க் குழி கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. என் பட்டறையோ தெருவின் கடைசியில். அந்த வாரம் அவன் போட்டுக்கொண்டிருந்தது அரக்குச் சாயம். அரக்கு கரைந்தால் தண்ணீர் சிவக்கும். இதற்கு மேல் என்ன யோசிக்க வேண்டும்?

"யார் குழி பக்கத்துல இருக்குது? அவனையே கேளுங்க!" என்று கையை நீட்டினேன்.

தாமோதரனின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, குழிக்குள்ள நான் சிமென்ட்டு பூசி ரெண்டு மாசம் ஆவுது. ஒரு சொட்டு கீழ எறங்காது. வாரத்துக்கு ஒரு தபா வண்டி வந்து மொண்டுகினு போவுது. ஒனக்கே தெரியும்."

"பூசுனது ஒடஞ்சிருக்கும். மூணு அலசு, மூணு அலசுன்னு கொட்டிகினே இருந்தா எந்தக் குழிதான் தாங்கும்? ஒன்பது வீட்டுத் தண்ணியில வெஷத்தக் கலந்துட்டு நிக்கறியே, நீயெல்லாம் குடும்பம் நடத்தறவனா? குடியக் கெடுக்கறவன்டா நீ!"

இதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாந்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, அவன் பட்டறையிலிருந்து குழிக்குப் போகும் வாயைச் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னேன். தெருவே என் பின்னால் நின்றது. கழிவுநீர் போக வழியில்லாமல் எப்படிச் சாயம் போடுவான்? இரண்டு நாள் அவன் பட்டறை அடுப்பு எரியவில்லை. கல்யாணச் சேலைக்கு நூல் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். நான் என் வாசலிலிருந்து அதைப் பார்த்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஒளிக்காமல் எழுதுவது என்று ஆரம்பித்துவிட்ட பிறகு இதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

வெள்ளைப் பட்டு

மூன்றாம் நாள் காலை தாமோதரன் ஒரு பம்ப் ஸ்டவ்வையும் ஒரு வெள்ளைப் பாத்திரத்தையும் கொண்டு வந்து கிணற்று மேடையில் வைத்தான். தோளில் பசை எடுத்த வெள்ளைப் பட்டுச் சிட்டம் ஒன்று.

"எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் வாங்க" என்று பொதுவாகச் சொன்னான். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேறு எந்தத் தெருவிலும் இப்படி ஒரு பஞ்சாயத்து நடந்திருக்காது. தண்ணீரில் சாயம் எவ்வளவு கொஞ்சமாகக் கலந்திருந்தாலும் பட்டு விடாது. கொஞ்சம் ஆசிட் விட்டுச் சூடாக்கினால் தண்ணீரில் இருக்கும் சாயத்தை எல்லாம் இழுத்துத் தன் மேல் பூசிக்கொள்ளும். கிணற்றில் கலங்கலாகத் தெரிந்தது எந்த நிறம் என்று நூலே சொல்லிவிடும்.

இதை ஏன் நான் முதல்நாளே செய்யவில்லை? சாயக்காரி நான்தானே? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு வாளித் தண்ணீர் மொண்டு பாத்திரத்தில் ஊற்றினான். அடுப்பைப் பற்றவைத்தான். ஆவி வந்ததும் ஆசிட் விட்டு, சிட்டத்தை ஒரு குச்சியில் மாட்டி இறக்கித் திருப்பித் திருப்பி விட்டான். எல்லோரும் பாத்திரத்தைச் சுற்றி நெருங்கினோம். ஸ்டவ் உறுமிக்கொண்டிருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது, நூல் ஏறிக்கொண்டே வந்தது.

"அரக்குதான்" என்றேன் நான், கொஞ்சம் சீக்கிரமாகவே.

அவன் சிட்டத்தைத் தூக்கிப் பிழிந்து, உதறி, வெயிலில் பிடித்தான்.

அரக்கு இல்லை. சிவப்புக்குள் ஒரு நீலம். வெயிலில் ஒரு மாதிரி, நிழலில் ஒரு மாதிரி. நாவப்பழ நிறம்.

ஆரணியில் நாவப்பழ நிறம் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அந்தத் தெருவில், அந்த மாதத்தில், அந்த அளவு நீலம் விட்டுப் போட்டது ஒரே ஒரு கை. "என் நாவப்பழம் வேற யார் கைக்கும் வராது" என்று நானே எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன்!

என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். தறியிலிருந்து எழுந்து வந்தவர், சட்டைப் பையில் நான் சாயம் போட்ட ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் நூலைப் பிரித்து அந்தச் சிட்டத்தின் மேல் வைத்தார். எது எந்த நூல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நம்ம கலரு" என்றார்.

என் பட்டறை கிணற்றுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, வாஸ்தவம். ஆனால் கிணற்றடியிலேயே இருந்த என் வீட்டு மாடி? ஒரே அலசோடு சொட்டச் சொட்ட நூலைக் காயப்போட்டு, போட்டு, மாடித் தரை முழுக்கச் சாயம் காய்ந்து கிடந்தது. தினமும் அதன் மேல் நடந்தேன், பழைய கறை என்று நினைத்தேன். மழை வந்தது, கரைத்தது. ஐந்து நிமிடத்தில் தூசி போகும், சாயம் போகுமா? நானே போட்ட குழாய் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கிணற்றில் சேர்த்துவிட்டது.

தண்ணீர் மிச்சம் பிடிக்கப் போய்த் தண்ணீரைக் கெடுத்திருந்தேன். பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டிருந்தேன்.

தாமோதரன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. ஸ்டவ்வை அணைத்தான். சிட்டத்தை மேடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடப்பாரை

கொத்தனாரைக் கூப்பிடவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே போனேன். அவன் குழி வாயில் அடைத்திருந்த சிமென்ட்டை இடித்து எடுத்தேன். மதியம் வரை ஆயிற்று. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் பூசிய பூச்சில் ஒரு கீறல் இல்லை.

சாந்தி வெளியே வந்தாள். "தாமோதரன கூப்புடும்மா" என்றேன்.

"தூங்கறாரு" என்றாள்.

"நான் பேசுனது தப்பு. பெரிய தப்பு. அவங்கிட்ட சொல்லு."

"நீங்க தெருவுல நின்னுதான பேசனீங்க" என்றாள் சாந்தி. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் எல்லோரையும் கூப்பிட்டேன். அதே இடத்தில் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். எல்லோரும் வந்தார்கள். அவன் வரவில்லை. வாசலில் விளக்கு மட்டும் எரிந்தது. கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

கெட்டுப்போன தண்ணீரை என்ன செய்வது? கீழே கொட்ட எனக்கு மனசு வரவில்லை. கருப்பு, அரக்கு மாதிரி அடர் நிறங்களுக்கு அதையே சாயத் தண்ணீராக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இரண்டு பட்டறையும் பங்கு போட்டு மொண்டுகொண்டோம். அவன் வரும்போது நான் இருக்க மாட்டேன், நான் வரும்போது அவன் இருக்க மாட்டான். மூன்று வாரத்தில் கிணறு மறுபடியும் காய்ந்தது.

அடுத்த மழை வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. டேங்கர் வாரம் ஒன்று என்பது போய், பத்து நாளுக்கு ஒன்று என்றாயிற்று. என் வீட்டுக்காரர் சொன்ன வைகாசிக் கெடுவும் முடிந்துவிட்டது. ஒருநாள் அவர் பரணிலிருந்து பெரிய சாக்கு ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நான் மாடியைத் துடைத்தேன். கழுவத் தண்ணீர் ஏது? மரத்தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, தூளை வாரி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் முட்டி போட்டுக்கொண்டு இதே வேலை. அலசும் மூன்றாயிற்று. வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன், அவன் செய்தது போலவே.

தெருவில் எல்லோரும் சேர்ந்து இன்னொன்றும் முடிவு செய்தார்கள். இனி ஐந்து நிமிடக் கணக்கு கிடையாது. கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்ட வேண்டும். எந்தக் குழாயை எப்போது திருப்புவது என்பதைத் தாமோதரன்தான் சொல்வான். சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண் தெருவில் இரண்டே பேருக்கு உண்டு. ஒருத்தியை யாரும் நம்பத் தயாராக இல்லை.

கண்ணாடி டம்ளர்

ஆனி கடைசியில் ஒரு பிற்பகல், காற்று திடீரென்று நின்றது. மேற்கே கருத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் சொட்டு விழுந்தது.

ஒன்பது மாடியிலும் ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஒவ்வொரு கையிலும் கண்ணாடி டம்ளர். எதிர் மாடியில் தாமோதரன், தலையில் ஒரு துண்டோடு. அவன் தன் குழாயைத்தான் முதலில் பார்த்தான், காத்திருந்து திருப்பினான். அப்புறம் ஒவ்வொரு வீட்டு ஆளும் டம்ளரைத் தூக்கிக் காட்ட, அவன் கையை அசைத்தான். கோடி வீடு திரும்பியது. அடுத்த வீடு திரும்பியது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எட்டுக் குழாய் கிணற்றில் கொட்டிக்கொண்டிருந்தன.

மிஞ்சியது என்னுடையது. தெருவிலேயே பெரிய மாடி என்னுடையதுதான். மற்ற இரண்டு மாடி சேர்ந்து தரும் தண்ணீரை அது ஒன்றே தரும்.

முதல் டம்ளரைத் தூக்கினேன். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. எனக்கே தெரிந்தது, லேசாக ஒரு ரோஜா நிறம்.

இரண்டாவது டம்ளர். இல்லை.

மழை மெலிந்தது. என் குழாய்த் தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிணற்றடியில் நின்ற என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "மழ வுட்டுடப் போவுதுடி!" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே குறைவு.

மூன்றாவது டம்ளர். எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. அவன் நெற்றியில் கையை வைத்து உற்றுப் பார்த்தான். இல்லை என்றான்.

என் கை குழாயின் வளைவு மேல் இருந்தது. ஒரு திருப்பு, அவ்வளவுதான். என்னைத் தடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வேண்டுமென்றே இழுத்தடிக்கிறானோ என்று ஒரு நினைப்பு வந்தது. பழைய காஞ்சனாவாக இருந்தால் அதை வாய்விட்டே கேட்டிருப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். டம்ளரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடியும் பிடித்தேன். வெள்ளைத் துணி ஒன்றை டம்ளருக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஓரத்தில் இன்னும் துளி நிறம் இருந்தது.

நாலாவதையும் கொட்டினேன். தூறலாகிவிட்டது. ஐந்தாவது டம்ளர் நிறைய முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. துணியைப் பின்னால் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

அவன் மாடிக் கைப்பிடிச் சுவர் வரை வந்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"திருப்புக்கா!"

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவன் என்னோடு பேசி. நான் திருப்பினேன். கீழே என் வீட்டுக்காரர் "வருது, வருது" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து வானம் இன்னொரு தடவை இடித்தது, தூறல் கனத்தது. எனக்குக் கண் மறைத்தது. கையில் டம்ளர் இருந்தது. அவன் பார்க்க அதை வாயில் வைத்து மடமடவென்று குடித்துவிட்டேன்.

"அய்யோ, யக்கா! லூசா நீ? அத்தப் போயி குடிக்கற!" என்று அவன் எதிர் மாடியில் தலையில் அடித்துக்கொண்டான். பின்னால் நின்ற சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தண்ணீரில் மாடித் தளத்தின் சுண்ணாம்பு வாடை அடித்தது, கொஞ்சம் மரத்தூள் வாடையும் அடித்தது. சாய வாடை இல்லை.